புகலிட வழக்குகளில் பால் அடையாளமும் சொல்லாட்சியும்

முன்னுரை

வன்முறைக்கு அஞ்சித் தாய்நாட்டை விட்டு வெளியேறும் திருநங்கையர் அயல்நாட்டில் காப்புக் கோரும்போது, அவர்தம் நிலை எச்சொல்லால் பதிவாகிறது என்பது வழக்கின் போக்கையே மாற்றக்கூடும். மெக்சிகோ நாட்டுத் திருநங்கை ஒருவரின் வழக்கினை முன்வைத்து இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

சட்டப் பின்புலம்

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை இனம், சமயம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சார்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களையே சுட்டுகிறது. பால் அடையாளம் அவற்றுள் இடம்பெறவில்லை. ஆகவே, ‘குறிப்பிட்ட சமூகக் குழு’ என்னும் தொடரே திருநங்கையர்க்குப் பெரிதும் பற்றுக்கோடாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நெறியாணை அத்தொடரை வரையறுக்குமிடத்துப் பால் அடையாளத்தையும் கருத்திற்கொள்ளப் பணித்தது. ஐ.நா. அகதிகள் உயர் ஆணையரகத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுநெறி, பாலியல் ஈர்ப்பு வேறு, பால் அடையாளம் வேறு எனப் பிரித்துரைத்தது.

வழக்கும் தீர்ப்பும்

மேற்குறித்த திருநங்கை மெக்சிகோவில் சீருடை அணிந்த காவலராலும் படையினராலும் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர். அமெரிக்காவில் பெற்ற குற்றத் தண்டனை ஒன்றால் வெளியேற்றத்தை நிறுத்திவைக்கும் காப்பைப் பெறும் தகுதியை இழந்தமையின், சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின்கீழ்க் காப்புக் கோரினார். குடிவரவு நீதிபதி அவரைப் பெண்பாற் சுட்டுப்பெயரால் குறிக்க இசையவில்லை. மேல்முறையீட்டு வாரியம் பெண்பாற் சுட்டினைக் கையாண்டது. எனினும் அந்நீதிபதியின் ஆய்வினையே ஏற்றது. தன்பாலீர்ப்பாளரைக் காக்கும் மெக்சிகோ நாட்டுச் சட்டங்கள் இவரையும் காக்கும் என்பதே அவ்வாய்வின் அடிப்படை.

ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015 செப்டம்பரில் இம்முடிவைத் தள்ளியது. தன்பால் திருமணத்தை ஏற்கும் சட்டம், அன்றாட வாழ்வில் திருநங்கை ஒருவர் எதிர்கொள்ளும் காவலர் தொல்லையையும் தாக்குதலையும் தடுப்பதற்குப் பெரிதும் உதவாது என்றது. தோற்றத்தால் எளிதில் அடையாளங் காணப்படுதலே திருநங்கையரை மிகுதியான தாக்குதலுக்கு ஆளாக்குகிறது என்பதையும் சுட்டியது. வன்முறை புரிந்தோர் அரசு அலுவலராகவே இருந்தமையின், அரசின் உடன்பாட்டைத் தனியே மெய்ப்பிக்க வேண்டுவதில்லை எனக் கூறி, அவருக்குக் காப்பு வழங்குமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது.

முடிவுரை

சுட்டுப்பெயரைத் திருத்துவது மட்டும் போதாது என்பதை வாரியத்தின் பிழை காட்டுகிறது. வகைப்பாடு பிழைபடின் சான்றுகளும் பிழையாகவே வாசிக்கப்படுகின்றன. அப்பிழையின் விளைவோ, தப்பி வந்த இடத்திற்கே ஒருவர் திருப்பி அனுப்பப்படுதலாகும். திருநங்கையரையும் தன்பாலீர்ப்பாளரையும் ஒரே சொல்லுள் அடக்காது வேறுபடுத்தி எழுதுதல், இத்துறை ஆவணங்களைத் தமிழாக்குவோர்க்கும் இன்றியமையாததாகும்.