சைலன்சரும் சத்தம் போடாத குற்றமும்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர், வாங்கிய சூடு ஆறுவதற்குள், தொழிற்சாலையார் மாட்டி அனுப்பிய சைலன்சரைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, வெளிச் சந்தையில் விற்கும் வேறொன்றைப் பொருத்திக்கொள்வது ஜப்பானிலும் கலிபோர்னியாவிலும் கிட்டத்தட்ட ஒரு சடங்காகவே ஆகிவிட்டிருக்கிறது. இந்தச் சடங்கின் ருசிகரத்தைப் பற்றி எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டார். ருசிகரம் இருக்கத்தான் செய்கிறது; அதனோடு வேறொன்றும் இருக்கிறது.

மாஸ்டா எம்எக்ஸ்-5 என்னும் வண்டியையே எடுத்துக்கொள்வோம். 1989 பிப்ரவரியில் சிகாகோ நகரத்து மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்சிக்கு வந்து, 2016-இல் பத்து லட்சமாவது வண்டியையும் பெற்றெடுத்து, இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகத்திலேயே அதிகமாக விற்பனையானது என்ற கீர்த்தியைச் சம்பாதித்துக்கொண்ட இந்த வண்டி, 1960-களில் இங்கிலாந்தில் ஓடிய லோட்டஸ் எலான் முதலான சிறு கார்களின்மீது ஜப்பானியப் பொறியாளர்கள் கொண்ட மோகத்தின் விளைவு. உருவத்தின்மேல் மட்டும் எழுந்த மோகமாக இருந்திருந்தால் தகட்டை வளைத்தவுடன் தீர்ந்து போயிருக்கும். அவர்களுக்கோ குரலின்மேலும் மோகம் இருந்தது. ஆகவே, புகைக்குழாயின் நாதம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்து, அதற்கென்றே வெகு பிரயாசைப்பட்டுச் சுருதி கூட்டினார்கள். எஞ்சினிலிருந்து புகையை வாங்கிக்கொள்ளும் முதல் குழாய்த் தொகுதியைச் சாதாரணக் கார்களில் வார்ப்பிரும்பில் ஊற்றி முடித்துவிடுவது வழக்கம். இவர்கள் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களைத் தனித்தனியே வளைத்து ஒன்று சேர்த்தார்கள். இவ்வளவு கவலையோடு அமைத்த குரலைத்தான் வாங்கியவர் முதற்காரியமாக மாற்றுகிறார்.

மாற்றும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. வண்டியை ஜாக்கியால் தூக்கி, ஜாக்கியை நம்பாமல் நான்கு தாங்கிகளின்மேல் இறக்கி வைத்த பிறகு, மெக்கானிக் முதலில் சந்திக்கும் எதிரி துரு. ஓடும்போதெல்லாம் பழுக்கக் காய்ந்து, நிற்கும்போதெல்லாம் குளிர்ந்து, மழைத் தண்ணீரையும் குடித்துப் பல வருஷங்கள் கிடந்த போல்ட்டும் நட்டும் ஒன்றோடொன்று ஐக்கியமாகிவிட்டிருக்கும். முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊற வைத்தால் பாதி இளகும். மீதியில் ஒன்று நிச்சயமாக முறியும். பிறகு ரப்பர் வளையங்கள். சைலன்சரை வண்டியின் வயிற்றில் தொங்கவிடுபவை அவைதாம். சோப்புத் தண்ணீர் தடவி நெம்பினால் நழுவும். பலத்தை மட்டும் நம்பினால் கை வழுக்கி விரல் முட்டியில் ரத்தம் வரும். புதுக் குழாயை ஏற்றும்போது எல்லா இணைப்புகளையும் தளர்வாகவே விட்டு, பின்பம்பரில் வால்முனை உரசாதபடியும், அடித்தளத்தில் எங்கும் தட்டாதபடியும் முழுவதையும் தொங்கவிட்டுச் சரிபார்த்த பின்புதான் முறுக்க ஆரம்பிக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டையே மறுபடி வைத்து முறுக்குகிறவனிடம் வண்டியை விடக்கூடாது. முதல் ஓட்டம் ஓடி, ஆறின பிறகு, எல்லா நட்டுகளையும் இன்னொரு தடவை முறுக்க வேண்டும் என்பது அனுபவஸ்தர்களின் விதி.

கேஸ்கெட்டைப் பற்றி இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், எஞ்சின் விடும் புகை ஒரே ஓட்டமாக வருவதில்லை. துடிப்புத் துடிப்பாக வருகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே குழாயில் அழுத்தம் விழும் கணத்தில், இணைப்பில் மயிரிழை இடுக்கு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். அந்த இடத்துக்குப் பின்னால் ஆக்ஸிஜன் சென்சார் உட்கார்ந்திருக்குமேயானால், அது அந்தக் காற்றை முகர்ந்து, எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டருக்குப் பொய்ச் சாட்சி சொல்லும். கம்ப்யூட்டரும் அதை நம்பி மேலும் மேலும் பெட்ரோலை ஊற்றும். மைலேஜ் குறைந்துவிட்டதே என்று உடையவர் பெட்ரோல் பங்க்கைச் சந்தேகிப்பார்.

இத்தனை சிரமத்துக்கும் கிடைக்கும் பலன் என்ன? அமெரிக்காவுக்குப் போன முதல் எம்எக்ஸ்-5 வண்டிகளின் 1.6 லிட்டர் எஞ்சின் 116 குதிரைத் திறன் கொண்டது. பின்பகுதிக் குழாயை மட்டும் மாற்றுவதால் அதனோடு கூடும் திறனைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். டர்போ வைத்த வண்டிகளின் விஷயம் வேறு. டைட்டானியத்தில் செய்ததானால் எடை கணிசமாகக் குறைவது மெய். அந்த உலோகத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் வாங்குகிறவர் மனத்தைத் திறந்து பேசினால், வாங்குவது சப்தத்துக்காகத்தான் என்று ஒப்புக்கொள்வார். அந்தச் சப்தமோ அவரையே முதலில் தண்டிக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கும். நெடுஞ்சாலையில் நிமிஷத்துக்கு 3,000 சுற்றில் சீராக ஓட்டிக்கொண்டு போனால், விநாடிக்கு நூறு அதிர்வு கொண்ட ஒரே ஸ்வரம், கோயில் திருவிழாவில் ஒத்து ஊதுகிறவர் மேளம் நின்ற பிறகும் நிறுத்த மறந்துவிட்டதைப் போல, மணிக்கணக்காகக் காதோரத்தில் நின்று ஊதும். அதைத் தாங்க முடியாமல், குழாயின் பக்கத்தில் முனை அடைத்த கிளைக்குழாய் ஒன்றை அளவெடுத்து ஒட்டவைத்து, அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் அடக்கும் வித்தைக்கும் அவர்கள் பணம் கொடுக்கிறார்கள். சப்தம் வேண்டும் என்று ஒரு தடவையும், வேண்டாம் என்று ஒரு தடவையும் செலவு!

ஸ்போர்ட்ஸ் காருக்குக் குரல்தான் ஜீவன், குரலைப் பறித்தால் அது வெறும் தகரம் என்று சொல்லும் ரசிகர்கள் இருக்கிறார்கள்; அவர்களுடைய ரசனையோடு எனக்குச் சண்டை இல்லை. அக்கம்பக்கத்தாருக்குச் சண்டை உண்டு, அதற்கு நியாயமும் உண்டு, அதைக் கவனிக்கச் சட்டமும் உண்டு. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள லைம் ராக் பந்தயத் தடத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் கிடையாது. 1959-இல் நீதிமன்றம் போட்ட தடை அது. கலிபோர்னியாவில் லகுனா சேக்கா தடத்தில் பெரும்பாலான நாட்களில் 90 டெசிபெல்லுக்குமேல் சப்தம் போடும் வண்டியைத் தடத்தைவிட்டு வெளியேற்றிவிடுவார்கள். அதனால், அளவுகோல் வைத்திருக்கும் சாவடியின் பக்கம் போகாதபடி குழாயின் வாயை மறுபக்கம் திருப்பிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. ஜப்பானில் 2010 ஏப்ரலுக்குப் பின் தயாரான கார்களுக்கு, ஓட்டத்தின் சப்தத்தையும் பரிசோதித்துச் சான்று பெற்ற சைலன்சர்தான் செல்லும். சோதனைக்குப் போகும்போது மட்டும் குழாய்க்குள் அடைப்பான் ஒன்றைச் செருகி, வெளியே வந்ததும் பிடுங்கிவிடும் பழைய தந்திரம் அத்தோடு முடிந்தது. சப்தத்துக்கு இப்படிக் காவலர்கள் நிறைய. காது உள்ளவர் ஒவ்வொருவரும் அதற்குச் சாட்சி.

என்னுடைய கவலை சப்தமே போடாத ஒரு பொருளைப் பற்றியது. எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவே, குழாயின் வழியில், ஒரு சிறு டப்பாவாக ஒளிந்திருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத்தான் சொல்கிறேன். கடைக்காரர்கள் “கேட்-பேக்” என்று சொல்லி விற்கும் குழாய்த் தொகுதி இந்த டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஆரம்பிப்பது. அதை மாற்றினால் மாறுவது குரல் மாத்திரமே. ஆனால் ஆசை அங்கே நிற்பதில்லை. புகையின் வழியில் இதுவும் ஓர் அடைப்புத்தானே, இதையும் எடுத்துவிட்டால் இன்னும் இரண்டு குதிரைத் திறன் வருமே என்று ஒரு நண்பர் சொல்ல, கடைக்காரரும் ஆமோதிக்க, டப்பா இருந்த இடத்தில் நேர்க்குழாய் ஒன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அந்த டப்பாவுக்குள் இருப்பது தேனடை போன்ற பீங்கான். ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 400 கண்ணறைகள். அவற்றின் சுவர்களில் அலுமினாப் பூச்சு. பூச்சுக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள், எல்லாம் சேர்ந்து சில கிராம். இருநூற்றைம்பது, முந்நூறு டிகிரி சூடேறியதும் இது தன் வேலையைத் தொடங்குகிறது. கார்பன் மோனாக்ஸைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் எரித்துவிடுகிறது. நைட்ரஜன் ஆக்ஸைடுகளைப் பிரித்துச் சாதுவான நைட்ரஜனாக வெளியே அனுப்புகிறது. காற்றும் பெட்ரோலும் 14.7-க்கு ஒன்று என்ற எடை விகிதத்தை ஒட்டி எரிந்தால்தான் இந்த மூன்று காரியங்களும் ஒருங்கே நடக்கும்; அந்த விகிதத்தைக் காப்பதற்குத்தான் மேலே சொன்ன ஆக்ஸிஜன் சென்சார். யூஜீன் ஹூட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர், அமெரிக்காவில் குடியேறியபின், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் புகைமூட்டத்தைக் குறித்துக் கவலை கொண்டு 1950-களிலேயே இத்தகைய சாதனத்துக்கு வழிகாட்டிவிட்டார். ஆனால் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அதைச் செயலிழக்கச் செய்துவிட்டதால், ஈயமில்லாப் பெட்ரோல் வந்து, 1975-ஆம் வருஷத்து அமெரிக்கக் கார்களில்தான் அது பரவலாக இடம்பெற முடிந்தது. நம் சென்னையும், அன்று மதராஸ் என்ற பெயரோடு, 1995 ஏப்ரல் 1-ஆம் தேதி டில்லி, பம்பாய், கல்கத்தாவோடு சேர்ந்து இந்த ஏற்பாட்டுக்குள் வந்தது. அந்த நான்கு நகரங்களிலும் புதிய பெட்ரோல் கார்களுக்கு அன்றுமுதல் கன்வெர்ட்டர் கட்டாயம்.

இத்தனை வருஷத்து உழைப்பை ஒரு பிற்பகலில் கழற்றிப் போட்டுவிடலாம் என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். கழற்றினால் மாட்டிக்கொள்ள மாட்டோமா என்று கேட்கலாம். கன்வெர்ட்டருக்குப் பின்னாலும் ஒரு சென்சார் வைத்து, அது வேலை செய்கிறதா என்று வண்டியே தன்னைக் கண்காணித்துக்கொள்ளும் ஏற்பாடு அமெரிக்காவில் 1996 முதலே உண்டு. அந்தச் சென்சாரைப் புகையின் நேர்வழியிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து ஏமாற்றுவதற்குச் சின்னஞ்சிறு இடைக்குழாய் விற்கிறார்கள். கம்ப்யூட்டரின் மனச்சாட்சியையே திருத்தி எழுதி, எச்சரிக்கை விளக்கை எரியவிடாமல் செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனத்தைக் கழற்றுவது தனி மனிதருக்கும் குற்றம் என்று அமெரிக்கச் சட்டம் 1990-இல் திருத்தப்பட்ட பிறகு, கன்வெர்ட்டர் இல்லாத குழாய்களின் பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டலானார்கள்: பந்தயத் தடத்தில் மட்டும் உபயோகிக்க. அந்தச் சீட்டைப் படித்துவிட்டு எத்தனை பேர் பந்தயத் தடத்துக்குப் போனார்கள் என்பது வாசகர் ஊகத்துக்கு.

நல்ல சைலன்சர் ஒன்று பின்னால் இருந்துவிட்டால், கன்வெர்ட்டர் இல்லாத வண்டியும் மரியாதையாகப் பேசிக்கொண்டு தெருவைக் கடந்து போய்விடும். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நைட்ரஜன் ஆக்ஸைடு வெயிலோடு சேர்ந்து உண்டாக்கும் ஓசோன் என்னும் நஞ்சு வேறெங்கோ, வேறு யாருடைய மூச்சிலோ போய்ச் சேர்கிறது. இதற்குச் சாட்சி சொல்ல எந்தக் காதும் இல்லை. இந்தத் தேசத்தில் இது இன்னும் சுலபம். பெட்ரோல் வண்டிக்கு நாம் எடுக்கும் புகைச் சான்றிதழுக்காக, வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினை ஓடவிட்டுக் கார்பன் மோனாக்ஸைடையும் எரியாத ஆவியையும் அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்ஸைடை அளப்பதே இல்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. தயாரிப்பாளர் பதிவு செய்த அமைப்பை உடையவர் தம் இஷ்டப்படி மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியிருக்கிறது. சப்தம், காற்று மாசு ஆகியவற்றின் விதிகளை மீறிய வண்டியை ஓட்டினால், 190-ஆம் பிரிவின்படி முதல் குற்றத்துக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சப்தத்தையும் நஞ்சையும் சட்டம் ஒரே வாக்கியத்தில் சொல்லியும், நடவடிக்கை என்று வரும்போது நாம் காண்பது என்ன? பறிமுதல் செய்த சைலன்சர்களை, பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்களுடையவற்றை, நடுத்தெருவில் வரிசையாக அடுக்கி ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும் படம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. நசுங்குவதெல்லாம் காதில் விழுந்த குற்றம். கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு அடக்கமாக ஓடுகிற கார் அந்த ரோடு ரோலரைத் தாண்டிக்கொண்டு போகும்.

இன்னொரு விபரீதத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் ரோடியத்தின் விலை ஒரு அவுன்ஸுக்கு 29,000 டாலர் அளவுக்கு ஏறியபோது, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் திருடர்கள் இரவோடிரவாக, தெருவில் நிற்கும் கார்களின் அடியில் புகுந்து கன்வெர்ட்டர்களை அறுத்துக்கொண்டு போனார்கள். திருட்டுக் கொடுத்தவர் காலையில் எஞ்சினைக் கிளப்பி, குழாய் அறுபட்டுக் கிடந்ததால் அது போட்ட கோரச் சப்தத்தைக் கேட்டு அலறிப் புடைத்துக்கொண்டு போலீஸுக்கு ஓடினார். அதே பொருளைத் தாமே பணம் கொடுத்துக் கழற்றச் செய்கிறவருக்கு ரசிகர் என்று பெயர்!

எம்எக்ஸ்-5 இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கு வந்ததில்லை. வேறு ஸ்போர்ட்ஸ் கார்கள் வருகின்றன, அவற்றோடு மாற்றும் ஆசையும் வருகிறது. கலிபோர்னியாவில் புகைச் சோதனைக்கு வரும் வண்டியின் அடியில் ஆய்வாளர் குனிந்து, கன்வெர்ட்டர் இருக்கிறதா, மாற்றியிருந்தால் அங்கீகார எண் பொறித்ததா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சான்று கொடுக்கிறார். அதற்கு ஒரு கைவிளக்கும், நீண்ட பிடி போட்ட ஒரு கண்ணாடியும் போதும். நம்முடைய புகைச் சோதனை நிலையங்களிலும் அந்த இரண்டையும் வாங்கி வைக்கும்படி உத்தரவிட வேண்டுமென்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.