ஓக்கோக்: காட்டுக்கொடி தரும் கீரை

நைஜீரியா, கேமரூன் தொடங்கி காங்கோ, அங்கோலா வரை பரந்துள்ள ஈரக்காடுகளில் மரங்களைப் பற்றிப் படரும் கொடி நீட்டம் ஆஃப்ரிகானம். சுமார் 10 மீட்டர் வரை ஏறும். இலை தடித்து, மினுமினுத்து, எக்காலமும் பச்சையாக இருக்கும். கேமரூனில் இதற்கு ஓக்கோக், எரூ என்று பெயர்கள். நைஜீரியாவில் இபிபியோ மக்கள் அஃபாங் என்றும் இக்போ மக்கள் ஒகாசி என்றும் சொல்கிறார்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசில் இது ஃபும்ப்வா.

வலைபோல் நரம்போடிய இலையைப் பார்த்தால் பூக்கும் தாவரம் என்றே தோன்றும். ஆனால் இது பைன், சைக்கஸ் மரங்களைப் போன்ற ஜிம்னோஸ்பெர்ம். இதற்குப் பூவும் இல்லை, கனியும் இல்லை. பழம்போல் தெரிவது சதைப்பற்றான உறை போர்த்த விதைதான். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் படரும் நீட்டம் உலா இதே பேரினத்தைச் சேர்ந்தது.

இலை கடினமானது என்பதால் அப்படியே வேகவைப்பதில்லை. பல இலைகளை ஒன்றாகச் சுருட்டி, நூல்நூலாக நறுக்குவார்கள். சில இடங்களில் உரலில் இடிப்பதும் உண்டு. தென்கிழக்கு நைஜீரியாவின் அஃபாங் குழம்பில் இதனுடன் நீர்ப்பற்றுள்ள இளங்கீரை, செம்பனை எண்ணெய், புகையிட்ட மீன், உலர்ந்த இறால் ஆகியவை சேரும். காங்கோவில் நிலக்கடலை விழுதோடு சமைக்கிறார்கள். மரவள்ளிக் களி, பெரும்பாலும் இதற்குத் துணை. புரதமும் நார்ச்சத்தும் மிகுந்த இந்தக் கீரை, இறைச்சி வாங்க வழியில்லாத வீடுகளுக்குப் பெரிய ஆதரவு.

சந்தைக்கு வரும் இலையில் பெரும்பகுதி இன்னும் காட்டில் பறித்ததே. பறிப்பதிலும் நறுக்கி விற்பதிலும் பெண்களின் உழைப்பு மிகுதி. கேமரூனின் இடெனாவ் கரையிலிருந்து படகுகளில் கட்டுக்கட்டாக நைஜீரியாவுக்குப் போகிறது. ஐரோப்பாவில் வாழும் ஆப்பிரிக்கர்களுக்கும் ஏற்றுமதியாகிறது. தேவை பெருகியதால், கொடியை வேரோடு பிடுங்குவதும் அது படர்ந்த மரத்தையே வெட்டிச் சாய்ப்பதும் நடக்கின்றன. காடழிப்பும் சேர்ந்துகொள்ள, பல பகுதிகளில் கொடி அரிதாகிவிட்டது.

இதற்குத் தீர்வு, கொடியைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவதே. விதை முளைக்க நெடுநாள் ஆகும். ஆகவே, இலையோடு கூடிய தண்டுத் துண்டுகளை வேர்விடச் செய்யும் முறையை கேமரூனின் லிம்பே தாவரவியல் பூங்கா 1990-களில் வளர்த்தெடுத்தது. நிழலும் பற்றி ஏறக் கொம்பும் இருந்தால் கொடி தழைக்கும். அடித்தண்டை விட்டுவைத்து அறுத்தால் மீண்டும் துளிர்க்கும்; ஒரே கொடியிலிருந்து ஆண்டுக்கணக்கில் கீரை கிடைக்கும்.