பிள்ளை கல்லூரிக்குப் போன வருஷம்

ஆகஸ்ட் மாதம் ராத்திரி நேரத்தில் மன்னார்குடி ரயில் நிலையத்துக்குப் போனால், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். கையில் புது பிளாஸ்டிக் வாளி இருக்கும். வாளிக்குள் குவளை, சோப்பு டப்பா, அதற்கு மேல் முறுக்கு டின். பக்கத்தில் அப்பாவும் அம்மாவும் ஒன்றும் பேசாமல் நிற்பார்கள். போன வருஷம் சேர்ந்த பிள்ளைகள் ஒரே ஒரு தோள்பையோடு கடைசி நிமிஷத்தில் ஓடிவந்து ஏறுவார்கள். செம்மொழி எக்ஸ்பிரஸ் இங்கிருந்து கிளம்பி தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு, திருப்பூர் வழியாக விடிவதற்குள் கோயம்புத்தூர் போய்விடும். டெல்டாவிலிருந்து எத்தனையோ பிள்ளைகளை அது அப்படிக் கொண்டுபோயிருக்கிறது.

2018-ல் நானும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த பிளாட்பாரத்தில் நின்றேன். மூத்த மகளுக்குக் கோவையில் வேளாண்மைப் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவள்தான்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். நன்செய் ஆறு மா, தென்னந்தோப்பு மூன்று மா, இரண்டு கறவை மாடு. வீட்டில் நான், மனைவி, என் அம்மா, இரண்டு பிள்ளைகள். சின்னவன் அப்போது ஏழாவது படித்தான்.

பிள்ளை படிக்கப் போகிறது என்றால் நாம் செலவைத்தான் கணக்குப் போடுகிறோம். வீட்டில் ஓர் ஆள் குறைவதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. நானும் எடுக்கவில்லை. அவள் கிளம்பி ஒரு வாரத்துக்குள் அது தெரிந்துவிட்டது. சிவப்பு மாடு அவள் கை பட்டால்தான் சுரப்பு விடும். என் மனைவி மடியைக் கழுவி அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒன்றரை லிட்டருக்கு மேல் இறங்கவில்லை. பால் சங்கத்து அட்டையில் கொழுப்பு அளவு சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பது அவள். பேங்கிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ். படிப்பது, பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் வாங்கிவரச் சொல்லி நச்சரிப்பது, அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து ஊற்றுவது எல்லாமே அவள்.

மருந்து பாட்டிலில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துச் சொல்வதும் அவள்தான். செப்டம்பரில் சம்பா நாற்றங்காலுக்குக் களைக்கொல்லி அடித்தேன். ஏக்கருக்குச் சொன்ன அளவை டேங்குக்கு என்று எடுத்துக்கொண்டேன். இரண்டே நாளில் ஒரு பாத்தி நாற்று கருகிப்போயிற்று. முப்பது வருஷம் விவசாயம் செய்தவன் இதை வெளியில் சொல்ல வெட்கப்பட வேண்டும். ஆனால் கருகிய நாற்றோடு இதே கதையைச் சொல்ல வந்தவர்கள் நிறையப் பேர் என்று எங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலர் சொன்னார்.

பணத்தின் கதை வேறு. கல்லூரியில் பணம் கட்டும் மாதமும் சம்பாவுக்குச் செலவு செய்யும் மாதமும் டெல்டாவில் ஒன்றுதான். அந்த வருஷம் மேட்டூர் அணையை ஜூன் 12-க்குத் திறக்கவில்லை, ஜூலை 19-ல்தான் திறந்தார்கள். தண்ணீர் கடைமடைக்கு வந்துசேரவும், உழவு, விதை, நடவுக் கூலி என்று வரிசையாக வரவும், இவளுக்குக் கட்டணம் கட்டவும் சரியாக இருந்தது. அடுத்த பருவத்துக் கட்டணம் தை, மாசியில் வரும். அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் கணக்கில் ஏறுவதற்குள் அந்தக் கெடு முடிந்துவிடும். அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். தென்னையில் 45 நாளைக்கு ஒரு வெட்டு. அந்தக் காசு முழுவதும் அவள் விடுதிச் சாப்பாட்டுக்கும் கட்டணத்துக்கும். வயல் காசு வயலுக்கே. எழுபது மரத்தையும் பெண்ணுக்கே எழுதிவைத்த மாதிரிதான் என்று என் மனைவி கேலி பேசுவாள்.

முதல் இரண்டு மாதம் அவள் பட்ட பாடு போனில்தான் தெரிந்தது. பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள். அங்கே வகுப்பு முழுக்க ஆங்கிலம். ‘நம்ம வயல்ல கால் வச்சதும் இது களி, இது மணல்சாரின்னு சொல்லிடுவேன். அதையே இங்க இங்கிலீஷ்ல எழுதச் சொன்னா கை நிக்குதுப்பா’ என்றாள். இன்னொரு நாள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. இங்கே பஸ் ஏறினால் கண்டக்டருக்கு யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். பங்குனித் திருவிழாவில் வெண்ணெய்த்தாழி அன்றைக்குக் கூட்டத்தில் எங்கே நின்றாலும், சாயங்காலத்துக்குள் அது வீட்டுக்குத் தெரிந்துவிடும். ‘இங்க நாள் பூரா ஒருத்தரும் எங்க போறே, யாரோட போறேன்னு கேக்கலப்பா. அது நல்லாத்தான் இருக்கு. ராத்திரிதான் அழுகையா வருது.’

தீபாவளிக்கு வந்தாள். நவம்பர் 6-ம் தேதி பண்டிகை. நாற்று கருகிய கதையைக் கேட்டுவிட்டு, கடைத்தெருவில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிவந்து இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். பட்டா எண், சர்வே எண், பேங்குக் கணக்கு எண், ஆதார் எண், மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதி, நாம் வழக்கமாக வாங்கும் மருந்துகளின் பெயர், பத்து லிட்டர் டேங்குக்கு எத்தனை மில்லி. எல்லாம் கொட்டை எழுத்தில். அதை அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டுப் போனாள். இந்த முறை வாளி இல்லை, தோள்பை மட்டும். தனியாகவே ரயில் ஏறினாள்.

பத்து நாள் கழித்து கஜா வந்தது.

நவம்பர் 15 ராத்திரி, விடிந்தால் 16. வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் எங்கள் ஊருக்கு வந்தபோது நடுநிசி தாண்டியிருந்தது. முதலில் ஓடு பறந்தது. பிறகு தோப்புப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. தென்னை முறியும்போது வெடி போட்டதுபோல் கேட்கும். ஒன்று, இரண்டு என்று முதலில் எண்ணினேன். அப்புறம் எண்ண முடியவில்லை. விடிந்து போய்ப் பார்த்தால் எழுபதில் எட்டு மரம்தான் நின்றது. அறுபத்திரண்டும் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. சம்பாப் பயிர் இளசு, அது தலை சாய்ந்து மெல்ல எழுந்துகொண்டது. தென்னை எழுந்திருக்காது.

மின்கம்பங்கள் சாய்ந்து கரண்ட் இல்லை, போன் கோபுரம் வேலை செய்யவில்லை. மகள் விடுதி டி.வி.யில் பார்த்துவிட்டு ராத்திரி பகலாக என் நம்பருக்கும் பக்கத்து வீட்டு நம்பருக்கும் போட்டிருக்கிறாள். யாருக்கும் போகவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் அவளே வந்து இறங்கினாள். தோள்பையில் மெழுகுவத்தி, தீப்பெட்டி, கொசுவத்தி, பிஸ்கட். விடுதிப் பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்ததாம். நேரே தோப்புக்குப் போனாள். திரும்பி வந்து, ‘நான் போகலப்பா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்’ என்றாள்.

எனக்கும் அப்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. கட்டணத்துக்கு வைத்திருந்த மரம் தரையில் கிடக்கிறது. வீட்டுக்கு ஓடு இல்லை. ஓர் ஆள் இருந்தால் எவ்வளவோ உதவி. என் அம்மாதான் திண்ணையிலிருந்து சத்தம் போட்டார்: ‘விழுந்த மரத்த நீ தூக்கி நிறுத்திடுவியாடி? இங்க ஒக்காந்து என்ன பண்ணப்போற?’ ‘மாட்ட யாரு கறப்பா அப்பாயி?’ என்றாள் இவள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டுக்கொண்டே இருந்தவர், ‘செவப்பு மாட்ட நான் கறக்குறேன். எனக்கு அது சுரக்கும்’ என்று வந்தார். அவர் வீட்டிலும் கொட்டகை போய்விட்டிருந்தது. மறுநாளிலிருந்து காலையும் மாலையும் வந்து கறந்தார். எதிர்வீட்டுத் தம்பி, ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களிடம் எல்லார் போனையும் வாங்கிப் போய்ச் சார்ஜ் போட்டு வந்து கொடுத்தான். சங்கத்துச் செயலாளர், நகைக் கடனுக்கு வந்தால் காக்கவைக்காமல் முடித்துத் தருவதாகச் சொல்லியனுப்பினார். நான்கு நாள் இருந்துவிட்டு, பருவத் தேர்வு நெருங்குகிறது என்று அவளைத் திரும்ப ரயில் ஏற்றினோம்.

சேதக் கணக்கெடுக்க வந்தபோது பட்டா நகல், பாஸ் புத்தகம் எல்லாம் மழையில் ஊறிக் கூழாகியிருந்தன. அரிசி டின்னில் இருந்த நோட்டு நனையவில்லை. அதிலிருந்து எண்களைப் படித்துச் சொன்னேன். அரசு அப்போது அறிவித்தது தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100. அறுபத்திரண்டு மரத்துக்கு 68,200 ரூபாய். இருபது, இருபத்தைந்து வருஷம் வளர்த்த மரத்துக்கு இது விலை ஆகாதுதான். ஆனால் எங்கு பார்த்தாலும் மரம் கிடந்த நேரம், வியாபாரி வந்து கேட்ட விலையைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இரண்டாம் பருவத்துக் கட்டணத்தை நகையை வைத்துத்தான் கட்டினோம்.

அவளிடமிருந்து வந்த முதல் வேளாண்மை யோசனையும் அந்த நேரத்தில்தான். விழுந்த மரத்தை வெட்டி எருக்குழிப் பக்கம் அடுக்கி வைத்துவிட்டு, நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ‘அப்படிப் போட்டா காண்டாமிருக வண்டு அதுலதான் முட்டை வைக்கும். நிக்கிற எட்டு மரமும் போயிடும், புதுசா வைக்கிற கன்னும் போயிடும்’ என்று போனில் சொன்னாள். வகுப்பில் இன்னும் அந்தப் பாடம் வரவில்லை, சீனியர் ஒருவரைக் கேட்டுச் சொன்னாள். மட்கும் தண்டும் எருக்குழியும்தான் அந்த வண்டு பெருகும் இடம். காயம்பட்ட மரத்தைச் சிவப்புக் கூன்வண்டு தேடிவரும். தண்டுகளைத் தோப்பைவிட்டு அகற்றினோம். எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழித்து, பச்சை மஸ்கார்டைன் பூஞ்சாணம் தெளித்தோம். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானைகளில் தோப்புக்குள் வைத்தோம். வண்டு வந்து விழுந்தது. நின்ற மரங்களின் நடுக்குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்கில், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து மரத்துக்கு 150 கிராம் வைத்தோம். தண்டை அப்படியே போட்டுவைத்த தோப்புகளில் அடுத்த வருஷம் குருத்து விசிறி மாதிரி வெட்டுப்பட்டுக் கிடந்ததைப் பிறகு பார்த்தேன்.

மறு வருஷம் புதுக் கன்று வைத்தோம். மூன்றடி நீளம், அகலம், ஆழக் குழி; கன்றுக்குக் கன்று இருபத்தைந்து அடி. முன்பு இடம் வீணாகிறதே என்று நெருக்கி வைத்திருந்தேன். இந்த முறை மகள் டேப் பிடித்து அளந்தாள். காய்ப்பு வரும்வரை நடுவில் வாழை போட்டோம். அந்த வாழைதான் அவள் மீதிப் படிப்புக்குச் சோறு போட்டது.

2022-ல் படிப்பை முடித்தாள். இப்போது வேறு மாவட்டத்தில் வேளாண்மைத் துறை சார்ந்த வேலையில் இருக்கிறாள். ஊருக்குத் திரும்பி வந்து விவசாயம் பார்க்கவில்லை. ‘வேளாண்மை படிச்சிட்டு வயலுக்கு வரலியா?’ என்று டீக்கடையில் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருந்தாலும் பருவத்துக்கு நாற்றுவிடும் முன் முதலில் அவளுக்குத்தான் போன் போடுகிறேன்.

அன்றைக்கு எங்களுக்கு இல்லாத சில வசதிகள் இப்போது இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-லிருந்து உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசு ஏற்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே போட்டுவிடுங்கள், கலந்தாய்வு நேரத்தில் ஓடினால் கிடைக்காது. வங்கிக் கல்விக் கடன் 4 லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் தருவது. கறவை மாட்டை விற்றுவிட்டு ஒரு வருஷம் கழித்து வருத்தப்பட்ட இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன். நோட்டு எழுதி வாங்கிக்கொள்வதை மறக்க வேண்டாம்.

இந்த ஆகஸ்டில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் பேரன் கிளம்புகிறான். திருச்சியில் இடம் கிடைத்திருக்கிறது. போன வாரம் வாளி வாங்கிவிட்டார்கள். அவர்கள் வீட்டில் இரண்டு மாட்டையும் அவன்தான் கறந்துகொண்டிருந்தான். பெரியம்மாவுக்கு இப்போது விரல் மடங்குவதில்லை. காலையில் நான் போவது, மாலையில் என் மனைவி போவது என்று பேசியிருக்கிறோம். கறுப்பு மாடு கொஞ்சம் உதைக்கும் என்று பையன் எச்சரித்தான். ஒரு வாரமாக அவன் கூடவே போய்ப் பழகிக்கொண்டிருக்கிறேன்.