லட்டு பறக்குது பார்!

குட்டீஸ், 'கறுப்பு - வெள்ளைப் படமா? ஐயய்யோ, போர்!' என்று ஓடுபவரா நீங்கள்? 'மாயாபஜார்' பார்த்துவிட்டு அப்புறம் ஓடுங்கள்.

1957ல், தமிழ், தெலுங்கு இரண்டிலும் கே.வி.ரெட்டி இயக்கிய படம். அபிமன்யுவை விரும்பும் வத்சலாவை, துரியோதனன் மகனுக்குக் கட்டி வைக்கப் பார்க்கிறார்கள். உதவிக்கு வருகிறான், பீமனின் மகன் கடோத்கஜன் (எஸ்.வி.ரங்காராவ்). கல்யாணச் சமையல் முழுவதையும் ஒரே ஆளாகக் காலி செய்கிறான். லட்டுகள் தானாகப் பறந்து அவன் வாய்க்குள் போகும்! கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலம். எல்லாம் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியின் கேமரா வித்தை.

'இதைவிடப் பெரிய மாயமெல்லாம் பார்த்தாச்சு' என்கிறீர்களா? சரி, லட்டை விடுங்கள். சாவித்திரியைப் பாருங்கள். வத்சலாவாக நடிப்பவர் அவர்தான். கடோத்கஜன் வத்சலாவாக உருமாறிய பிறகும் அவரேதான்! அதே முகம், அதே நகை. ஆனால், உள்ளே இருப்பது மலை போன்ற ரங்காராவ் என்று நம்பியே விடுவீர்கள். தனியாக இருந்தால் நெஞ்சை நிமிர்த்தி, 'திம் திம்' என்று நடை. யாராவது வந்தால் சட்டென்று குனிந்த தலை, வெட்கச் சிரிப்பு. இதில் கேமரா தந்திரம் எதுவுமே கிடையாது.

பாட்டியைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு பாருங்கள். அடுத்து என்ன வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவார். அதுதான் ஒரே தொல்லை!