கார்ட்டூன் பார்த்தால் தமிழ் வருமா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் வாண்டுகள் தெருவில் விளையாடியே தமிழ் பழகிவிடுகின்றன. பூட்டிய அறைக்குள் தமிழ்க் கார்ட்டூன் பார்த்தே வளரும் குழந்தைக்கு அது ஏன் அவ்வளவு சுலபமாக வருவதில்லை?

2003-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பட்ரீசியா கூல் குழுவினர் ஒரு சோதனை வெளியிட்டார்கள். 9 மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகள் சீன மொழி. ஆள் நேரில் உட்கார்ந்து, பொம்மை காட்டிப் பேசியபோது அவை சீன ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே பேச்சை வேறு குழந்தைகளுக்கு வீடியோவில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை!

நேரில் பேசுகிறவர் பந்தைப் பார்த்தால் குழந்தையும் பார்க்கிறது. "பந்து" என்ற ஒலி எதைக் குறிக்கிறது என்று பிடிபடுகிறது. குழந்தை ஏதோ மழலையில் சொன்னால், சொன்ன கையோடு பதில் வருகிறது. அந்தப் பதில்தான் அடுத்த முயற்சியைத் தூண்டுகிறது. டிவி யாருக்கும் பதில் சொல்வதில்லை.

வகுப்பறையில் நாம் என்ன செய்கிறோம்? தமிழ் தெரியாமல் வரும் புதுப் பிள்ளையைக் கடைசி வரிசையில் தனியே உட்காரவைத்து, எழுத்தைப் பார்த்து எழுதச் சொல்கிறோம். என்னைக் கேட்டால், இதைவிட மோசமான வழி கிடையாது. சில மாதம் அவன் வாய் திறக்காமல் இருக்கலாம். அது மந்தம் அல்ல, கேட்டுக்கொண்டிருக்கிறான். வீட்டில் ஒடியா பேசுவதையும் தடுக்காதீர்கள். ஆசிரியர்களே, வகுப்பின் பெரிய வாயாடி யாரோ, அவன் பக்கத்தில் அந்தப் பிள்ளைக்கு இடம் கொடுங்கள்.