மங்குப் பாலும் லாடெக்கும்

ரஹாங் பக்கம் பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு ‘லேட்டக்ஸ்’ என்றால் மங்கில் சொட்டுகிற பால்தான். பேரப்பிள்ளை எஸ்.டி.பி.எம். கணிதத்துக்குக் கைப்பேசியில் குறிப்பெடுக்க உட்கார்ந்தால், அதே எழுத்துகளில் கணிதம் எழுதும் முறை ஒன்று எதிரே வரும். இணையத்தில் தேடினால் ரப்பர்க் கையுறையும் கூடவே வந்து நிற்கும். ரப்பருக்கும் இதற்கும் உறவு எழுத்தில் மட்டும்தான், உச்சரிப்பு ‘லாடெக்’.

1977இல் டொனால்ட் கனூத் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர், தம் நூலின் மறுபதிப்பு அச்சுப்படியைப் பார்த்து முகம் சுளித்தார். கணிதக் குறிகள் அவ்வளவு அசிங்கமாக இருந்தன. அச்சகத்தோடு மல்லுக்கட்டாமல், ‘டெக்’ என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைத் தாமே எழுத இறங்கிவிட்டார். பிழை திருத்தும்போதெல்லாம் அதன் பதிப்பெண்ணில் ‘பை’ மதிப்பின் அடுத்த இலக்கம் ஒன்று கூடும். 2021இல் அது 3.141592653. எண்பதுகளில் லெஸ்லி லாம்போர்ட் அதை எளிமையாக்கினார். முன்னால் ஒட்டிய ‘லா’ அவர் பெயரிலிருந்து வந்தது.

இது எதற்கு என்று கேட்பவர்கள், இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தை வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் அடித்துப் பாருங்கள். எது தொகுதி, எது பகுதி என்று தெரியாது. வர்க்கமூலத்தின் கூரை எதுவரை நீள்கிறது என்பதும் தெரியாது. அது ‘பி’ வர்க்கத்தோடு நின்றால் விடையே வேறு. லாடெக்கில் இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே, பின்னத்துக்கு ஒரு கட்டளை, மூலத்துக்கு ஒரு கட்டளை. டாலருக்கு வெளியே விளக்கத்தைத் தாராளமாகத் தமிழில் எழுதலாம்.

குறிப்புச் செயலிகளில் நோஷன், ஜோப்ளின் இரண்டும் கான் அகாடமி 2014இல் வெளியிட்ட கேடெக் என்ற நிரலைக் கொண்டு சூத்திரத்தை வரைகின்றன. அப்சிடியன் நம்பியிருப்பது மேத்ஜாக்ஸ் என்ற இன்னொரு நிரலை. கூகுள் கீப்புக்கு டாலர் வெறும் டாலர்தான். நோஷன் பார்க்க அழகு, ஆனால் குறிப்புகள் குடியிருப்பது அந்த நிறுவனத்தின் சர்வரில். என் ஓட்டு அப்சிடியனுக்கு. இணையம் இல்லாமலும் ஓடும். குறிப்புகள் வெறும் எழுத்துக் கோப்புகளாக நம் கருவியிலேயே கிடக்கும். செயலி போனாலும் கோப்பு போகாது.

ஒன்று சொல்லியாக வேண்டும். கைப்பேசி விசைப்பலகையில் கட்டளைக்கு முன் வரவேண்டிய பின்சாய்வுக் கோட்டைத் தேடி எடுப்பதற்குள் ஆசிரியர் பலகையை அழித்திருப்பார். வகுப்பில் பேனாவே போதும்; லாடெக்கை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் செயலியை இறக்கினாலும் முதலில் அந்த இருபடிச் சூத்திரத்தை எழுதுங்கள். இணையத்தை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். பிறகு குறிப்பை வெளியே எடுத்து வேறொரு செயலியில் போடுங்கள். அங்கே கூரை சிதைந்தால் முதல் செயலியை அன்றைக்கே அழித்துவிடுங்கள்.