குழாய் வசதியில்லாத குசினியில் பாத்திரம் கழுவும் மெசின்

சென்ற ரமழானுக்கு முந்திய மாதத்தில் என் மனைவியின் இரு உள்ளங்கைகளும் வெடித்துவிட்டன. மருந்து பூசினால் நான்கு நாட்களில் ஆறும். ஐந்தாம் நாள் சவர்க்காரத் தண்ணீரில் கை வைத்ததும் மறுபடி வெடிக்கும். “ஒரு மாதத்துக்குச் சவர்க்காரத் தண்ணீர் படவே கூடாது” என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே அந்த ஒரு மாதமும் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவியவன் நான்தான்.

சகோதரிகளே! இருபது வருடங்களாகக் கிதாபு ஓதிக் கொடுக்கும் எனக்கு, ஆறு பேர் கொண்ட குடும்பத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பீங்கான், எத்தனை கோப்பை சேரும் என்பது அதுவரை தெரியாது. கண்டியின் குளிரில், சுபஹுக்கு முன் ஸஹர் பாத்திரங்களைக் கழுவுவது என்ன பாடு என்பதும் தெரியாது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்த செய்தியை எத்தனையோ தடவை பாடத்தில் விளக்கியிருக்கிறேன். விளக்கியதோடு சரி.

பாத்திரம் கழுவும் மெசின் வாங்கும் பேச்சு அந்த மாதம்தான் எழுந்தது. உடனே உறவுக்காரர் ஒருவர், “பாத்திமா நாயகிக்கே வேலையாள் கிடைக்கவில்லையே, உங்கள் வீட்டுக்கு மெசின் எதற்கு?” என்று கேட்டார். அந்த ஹதீஸை முழுமையாகப் பார்க்க வேண்டும். திரிகை அரைத்துக் கை நொந்த பாத்திமா (ரழி) அவர்கள் தந்தையிடம் வேலையாள் கேட்டுப் போனார்கள். அவர்களைக் காணாமல் ஆயிஷா (ரழி) அவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். செய்தி அறிந்த நபியவர்கள் அன்றிரவே மகளின் வீடு தேடி வந்தார்கள். படுக்கைக்குச் செல்லும்போது ஓதும் தஸ்பீஹைக் கற்றுக் கொடுத்தார்கள். வேலையாள் கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் “சோம்பேறி” என்று ஒரு வார்த்தை சொன்னார்களா? கை நோகிறது என்ற முறைப்பாட்டைக் கேட்டு, நடந்து வந்தார்கள். உறவுக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றிக்கொண்டார்.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மலைச்சரிவில் இருக்கும் ஒரு பழைய வாடகை வீடு. சுவரை உடைக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை. சிங்குக்கு மேலே சுவரிலிருந்து நேராக வரும் ஒரேயொரு குழாய். மெசினுக்கென்று தனி இணைப்போ தனிக் கழிவுக் குழாயோ கிடையாது. கண்டி, அக்குறணை, மடவளைப் பகுதிகளின் பழைய வீடுகள் பலவற்றின் குசினியும் இப்படித்தான். இது புதிய பிரச்சினையும் அல்ல. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு 1886இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசபின் கொக்ரேன் என்ற பெண்மணி. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியிலும் அது வைக்கப்பட்டது. ஹோட்டல்கள் வாங்கின, வீடுகள் வாங்கவில்லை. வீட்டுக் குசினிகளில் அதற்குப் போதிய சுடுதண்ணீர் வசதி இல்லாதது அதற்கு ஒரு காரணம். இன்றைய மெசின் தண்ணீரைத் தானே சூடாக்கிக்கொள்வதால் அந்தக் கவலை நமக்கில்லை. குளிர்ந்த தண்ணீர் வர ஒரு வழி, அழுக்குத் தண்ணீர் போக ஒரு வழி, ஒழுங்கான மின் இணைப்பு ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

தண்ணீர் வரும் வழி இலகுவாகவே முடிந்தது. குழாய் வேலை செய்யும் பாஸ் சுவரிலிருந்த குழாயைக் கழற்றி, இடையில் ஒரு ‘டி’ இணைப்பைப் பூட்டினார். அதன் ஒரு பக்கத்தில் பழைய குழாய், மறு பக்கத்தில் மெசினின் ரப்பர் குழாய்க்கான முக்கால் அங்குல வால்வு. அரை மணித்தியால வேலை; சுவரில் ஒரு கீறலும் இல்லை.

ஆனால் மெசின் ஓடவில்லை! சிறிது தண்ணீர் எடுக்கும், நிற்கும், விளக்கு மினுங்கும். பழுதான மெசினைத் தந்துவிட்டார்கள் என்று நினைத்தோம். குறை எங்கள் தண்ணீர்த் தாங்கியில் இருந்தது. தாங்கியின் நீர்மட்டம் குழாயை விட 10 மீற்றர் உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ ஒரு ‘பார்’ அழுத்தம் கிடைக்கும். பெரும்பாலான மெசின்கள் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை கேட்கின்றன. அதாவது 3 முதல் 5 மீற்றர் உயரம். எங்கள் தாங்கியோ குசினிக் கூரைக்குச் சற்று மேலே, குழாயிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருந்தது. சமதரையில் வீடுள்ளவர்கள் இதற்கு இரும்புக் கோபுரம் எழுப்ப வேண்டும், அல்லது அழுத்தப் பம்பி பூட்ட வேண்டும். எங்களுக்கு மலையே கோபுரமாயிற்று. வீட்டுக்காரரின் சம்மதத்துடன் தாங்கியைப் பின்பக்கச் சரிவில் ஐந்து மீற்றர் மேலே கருங்கல் திட்டொன்றில் ஏற்றினோம். அல்ஹம்துலில்லாஹ், குளியலறையிலும் தண்ணீர் இப்போது வேகமாக வருகிறது. மெசின் வாங்குமுன் தாங்கியின் உயரத்தை அளந்து, மெசினின் கைநூலில் உள்ள அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைக்காரர் இதைக் கேட்கமாட்டார்.

குழாயே பூட்ட முடியாத வீட்டுக்கு, மேசை மீது வைக்கும் சிறிய மெசின் உண்டு. அவற்றில் சில வகைகளுக்குக் குவளையால் ஐந்து லீற்றர் அளவு தண்ணீர் ஊற்றினால் போதும். தனியாக வாழும் முதியவருக்கோ கணவன் மனைவி இருவருக்கோ அது சரி. ஆறு பேருக்குப் போதாது.

மின்சாரத்தில் நான் விட்ட பிழையை நீங்கள் விட வேண்டாம். தண்ணீரைச் சூடாக்கும்போது மெசின் 2000 வொட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். நமது 230 வோல்ட்டில் அது ஒன்பது அம்பியர். நானோ வானொலிக்கு இருந்த 5 அம்பியர் பிளக்கிலிருந்து நீட்டு வயர் இழுத்துப் பூட்டினேன். இரண்டாம் நாள் பிளக் உருகி நாற்றமெடுத்தது. மீற்றர் பெட்டியிலிருந்து தனி வயர், நில இணைப்புள்ள 13 அம்பியர் சொக்கட், வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச் ஆகியவை இருந்தே ஆக வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம். பிள்ளைகள் ஈரக் கையோடு தொடும் இடம்.

அழுக்குத் தண்ணீர்க் குழாயைச் சிங்கின் விளிம்பில் கொளுவி இறுக்கிக் கட்டினோம். அது தரையிலிருந்து உயர்ந்து போக வேண்டும். தாழ்வாகக் கிடந்தால் மெசினிலுள்ள தண்ணீர் தானாகவே வடிந்துவிடும். சிலர் அதை ஜன்னல் வழியே வெளியே விட்டுவிடுகிறார்கள். நம் மலைப்பகுதியில் மேல் வீட்டின் கழிவு கீழ் வீட்டின் முற்றத்துக்குத்தான் போகும், கிணறு இருந்தால் கிணற்றுக்கும் போகும். இந்த மெசினுக்குப் போடும் தூள் காரமானது. அயலவரின் உரிமை பற்றி நான் இங்கே பயான் செய்யத் தேவையில்லை.

ஓதும் பிள்ளைகளின் தாய்மார் என்னிடம் கேட்பது வேறொன்று: “ஹஸரத், அதே தண்ணீர்தானே உள்ளே சுற்றிச் சுற்றி வருகிறது, பாத்திரம் சுத்தமாகுமா?” மெசின் சிறிதளவு தண்ணீரை எடுத்துச் சுழற்றி அடிக்கும், பின் அதை வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் எடுக்கும், கடைசியாக அலசுவது புதுத் தண்ணீரில்தான். சோறு, கறி, எண்ணெய் எல்லாம் அழுக்கே தவிர நஜீஸ் அல்ல. ஆகவே அன்றாடப் பாத்திரங்களில் சந்தேகத்துக்கு இடமில்லை. கோழி அறுக்கும்போது பாய்ந்த இரத்தம் பட்ட தட்டு, குழந்தையின் சிறுநீர் பட்ட கோப்பை போன்றவற்றை முதலில் குழாயடியில் கழுவித் தூய்மையாக்கிவிட்டே உள்ளே வையுங்கள். மற்றப் பாத்திரங்களோடு அப்படியே சேர்த்துவிட வேண்டாம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். இராச்சாப்பாட்டுப் பாத்திரங்களைக் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவியபோது வாளி வைத்துப் பிடித்துப் பார்த்தேன்; ஏறத்தாழ 60 லீற்றர் போயிருந்தது. மெசின் நிறையப் பாத்திரம் வைத்தால் 10 லீற்றர் அளவில் முடித்துவிடுகிறது. மின்சாரம் ஒரு தடவைக்கு ஓர் அலகு அளவு. மாதம் முப்பது அலகு கூடினால் கட்டணம் அடுத்த படிக்கு ஏறிவிடலாம் என்பதால், நாங்கள் நிறைந்த பின்தான் ஓடவிடுகிறோம். மகாவலி ஆற்றுக் குழாய்த் தண்ணீர் மென்மையானது. திகன, குண்டசாலைப் பக்கம் டொலமைட் கல் உள்ள பகுதிகளில் கிணற்றுத் தண்ணீர் பாவிப்போர், மெசினுக்கென விற்கும் உப்பைத் தவறாமல் போட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியில் வெள்ளை படியும். கையால் கழுவும் திரவத்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். என் இளைய மகன் ஊற்றிப் பார்த்தான். குசினி முழுவதும் நுரை.

மண்சட்டி, சிரட்டை அகப்பை, தங்கக்கரை போட்ட கல்யாணக் கோப்பைகள் ஆகியவற்றை உள்ளே வைக்கக் கூடாது. அலுமினியம் கறுத்துப் போகும். சஹன் எப்படித் திருப்பினாலும் நுழையாது. ஆனால் ஆறு பேர் ஒரே சஹனில் சாப்பிட்டால் ஆறு பீங்கான் மிச்சம் என்பதை என் மகள்தான் கண்டுபிடித்தாள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சஹன் சாப்பாடு. அதைக் கழுவுவது என் முறை.

மனைவியின் கை ஆறிவிட்டது. உம்மா மட்டும் தன் தேநீர்க் கோப்பையை இன்னும் மெசினுக்குக் கொடுக்கவில்லை. “ஒரு கோப்பை கழுவ மூன்று மணித்தியாலமா மகன்?” என்று கேட்டுவிட்டு, குழாயடியில் தானே கழுவிக் கவிழ்த்து வைக்கிறார்.